பெண்ணுக்கு நான்கு முறை

அன்று எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் சந்தையில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். யாரும் சாகாத அந்தக் காலையில், வெயில் உச்சிக்கு ஏறுமுன், சுற்றுவட்டாரத்திலிருந்து முந்நூறு பேர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதபடி என் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி அழுதுகொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

என் பெயர் சானுவோ. ஜீல் வாசிப்பவன். பதினான்கு மரக்கட்டைகள், கட்டைக்கு ஒரு சுரைக்குடுக்கை, குடுக்கையின் ஓட்டையில் சிலந்திக்கூட்டுச் சவ்வு, இரண்டு குச்சிகள், அவ்வளவுதான் ஜீல். அது இல்லாமல் எங்கள் டகாரா சனத்துக்கு அறுவடை ஆட்டம் இல்லை, சாவு நிச்சயமாக இல்லை. ஒருவர் இறந்தால் அதை வாய் சொல்வதற்கு முன் ஜீல் சொல்லும். சாவு அழைப்பு என்று ஒரு துண்டு உண்டு. ஆணுக்கு மூன்று முறை, பெண்ணுக்கு நான்கு முறை. கூடவே நாட்டுத் துப்பாக்கி வெடிக்கும். வயலில் குனிந்திருப்பவன் எண்ணிக்கொண்டே நிமிர்வான். சாவு விழாத நாளில் அந்தத் துண்டை வாசித்தால் சாவு தேடிக்கொண்டு வரும் என்பார்கள். முப்பது வருடமாக வாசிக்கிறேன், விளையாட்டுக்குக்கூட அதைத் தொட்டதில்லை. தொட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வினையைக் கொண்டுவந்தவன் அகோல்கோ. எங்கள் முச்சந்தியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற வழுக்கைத் தலையன். ஃப்ராஃப்ரா இனத்து ஆள். ஃப்ராஃப்ராவும் டகாராவும் எதிரெதிரே வந்தால் முதலில் வசவு, பிறகுதான் வணக்கம்; இரண்டு சனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே இந்தக் கேலி உரிமை உண்டு. அவன் என்னைத் திட்டலாம், நான் அவனைத் திட்டலாம், எங்கள் வீட்டுச் சாவில்கூட அவன் வந்து கோமாளித்தனம் பண்ணலாம். கோபப்படுகிறவன்தான் மடையன்.

"டேய் நாய்த்தலை தின்னி! உனக்கு ஒரு வெள்ளைக்காரி கொண்டாந்திருக்கேன்" என்று ஆகஸ்டு மாதம் ஒரு நாள் என் வாசலில் வந்து கத்தினான்.

"அடிமை எஜமானுக்கு எதாச்சும் கொண்டாரது வழக்கம்தானே. என்ன வேணுமாம் அவளுக்கு?"

"உன் ஜீல் வேணுமாம். நீ வேண்டாமாம். அவ புத்திசாலி."

அவள் பெயர் ஃபெம்கே. ராட்டர்டாமிலிருந்து வந்திருந்தாள். நெட்டை. வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது. அவள் ஊரில் பெரிய கொட்டகைகளில் ஆயிரம் பேர் கூடுவார்களாம், இவள் ஒரு கம்ப்யூட்டரைத் தட்டுவாளாம், அதற்கு அத்தனை பேரும் ஆடுவார்களாம். அவளுடைய பாட்டைக் கேட்டேன். பாட்டு என்றா சொல்வது? உலக்கையால் உரலில் குத்துகிற சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பாடவில்லை, யாரையும் புகழவில்லை, யாரையும் திட்டவில்லை.

"இது எப்ப ஆரம்பிக்கும்?" என்று அகோல்கோவைக் கேட்டேன்.

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷமாச்சுடா."

அந்த உலக்கைக் குத்தின் மேல் என் ஜீலை ஏற்ற வேண்டும் என்பது அவள் திட்டம். விடுமுறையாகையால் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, சன்னல்களில் மெத்தையைச் சாத்தி, மைக்குகளை நட்டாள். இரண்டு நாள் அறுவடை ஆட்டங்களை வரிசையாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் "நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு" என்பாள், ஆனால் முகம் அப்படிச் சொல்லாது. என் குறையா அவள் குறையா என்று பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் ஒரு பானையோடு போனேன். அந்தப் பானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எனக்கு ஒரே தங்கை, பெலாஜியா. பெலா என்போம். பத்து வருடத்துக்கு முன் தெற்கே குமாசிக்குப் போய் அங்கே சந்தையில் தலைச்சுமை தூக்கினாள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதியம், அவளோடு சுமை தூக்கிய ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். காய்ச்சலாம், நான்கு நாளாம், அங்கேயே புதைத்தும் விட்டார்களாம். அந்த வாரம்தான் என் அம்மா கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்பது நாள் கண்ணீர் விடக்கூடாது, விட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சரி, நாற்பது நாள் போகட்டும் என்று நானும் என் மனைவி ரெஜினாவும் வாயை மூடிக்கொண்டோம். நாற்பது நாள் போனது. அம்மா கட்டைப் பிரித்து என் முகத்தைப் பார்த்து, "பெலாகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியுதுன்னு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஏழு வருடம் மறைத்தேன். பெலா போனில் பேசினாள், நீ வயலில் இருந்தாய் என்பேன். பெலா சொந்தமாகக் கடை போட்டுவிட்டாள் என்பேன். போன வருடம் என் வாயாலேயே அவளுக்கு ஒரு பிள்ளைகூடப் பிறக்க வைத்துவிட்டேன். பையன். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பொய்க்கு இடம் கொடுத்தால் அது பிள்ளைகுட்டியோடு குடியேறிவிடும்.

ஒவ்வொரு வருடமும் ஷியா மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கி, அரைத்து, கடைந்து, முதல் பானை வெண்ணெயை அம்மா பெலாவுக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். "சுமை தூக்குற தலைடா, நல்லாத் தடவிக்கச் சொல்லு" என்று என் கையில் தருவாள். நான் அதை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போவேன்.

அவள் செத்த பிறகு வந்த ஏழாவது பானையோடுதான் அன்று வகுப்பறைக்குப் போனேன். அகோல்கோ வெளியே பீட்டோ குடித்துக்கொண்டிருந்தான். சோளத்தில் காய்ச்சும் அந்தச் சரக்கை விட்டு அவனை எழுப்ப முடியாது.

"பானையில என்ன?" என்று ஃபெம்கே கேட்டாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "வெண்ணெய். தங்கச்சிக்கு."

"தங்கச்சி எங்க இருக்கா? அவளுக்கு இந்த மாதிரி பாட்டு பிடிக்குமா?"

"அவ செத்துப் போயிட்டா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. அடுத்தவர் பாஷையில் சொன்னதால் அது என் வாயிலிருந்து வந்த மாதிரியே இல்லை. ஃபெம்கே பானையைப் பார்த்தாள். பிறகு காதை முழுதாக மூடுகிற ஒரு கறுப்பு ஹெட்போனை என் தலையில் மாட்டி, "என் தாளம் மட்டும் கேட்கும். கைக்கு வந்ததை வாசி" என்றாள்.

உலக்கைக் குத்து காதை அடைத்தது. என் ஜீல் எனக்கே கேட்கவில்லை. செவிடன் பாடுகிற மாதிரி கை ஏதோ செய்தது, நான் அறுவடை ஆட்டத்தைத்தான் வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். முடித்துக் கழற்றியபோது ஃபெம்கேயின் கண் கலங்கியிருந்தது. "இதுதான், இதுதான்" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளில் அவளுக்கு ஒன்றாவது பிடித்ததே என்றிருந்தது.

இது நடந்து மூன்று மாதம் கழித்து, நவம்பரில் ஒரு சந்தை நாள். நானும் ரெஜினாவும் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளிச் சோளக்கதிர் அறுத்துக்கொண்டிருந்தோம். காற்றில் ஜீல் வந்தது. சாவு அழைப்பு. அழைப்பு முடிந்ததும் டம் என்று ஒரே ஒரு வெடி.

இருவரும் நிமிர்ந்தோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி அழைப்பு, மறுபடி டம். மூன்றாவது முறையும் முடிந்து அமைதியானது.

"ஆம்பளை" என்றாள் ரெஜினா. "யாரு? குயிரே பெரியவரா? நேத்துத்தானே எங்கிட்ட மூக்குப்பொடி வாங்கினாரு?"

பக்கத்து வயல்களில் குயிரேயின் பெயரைச் சொல்லி ஆட்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். அவர் எங்கள் நிலத்துக்குப் பூசை செய்கிறவர், வயதும் எண்பதுக்கு மேல், ஆகவே எல்லோருக்கும் முதலில் அவர் நினைவுதான். அவருக்காக நாங்களும் ஒரு பாட்டம் அழுது முடிப்பதற்குள் நான்காவது முறை அழைப்பு கேட்டது.

"ஐயோ, பொம்பளை!" என்று ரெஜினா அழுகையை நிறுத்தினாள். "அப்ப யாரு?"

எனக்கு அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. வாசிப்பவன் யார்? இந்த வட்டாரத்தில் சாவுக்கு வாசிக்கிறவன் நான். எனக்கு ஆள் அனுப்பாமல் எவனோ உட்கார்ந்து வாசிக்கிறான். அதுவும் சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். இடதுகைக் குச்சி ஒரு இடத்தில் தயங்கித் தயங்கி இறங்கியது, அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொறாமையாகவும் இருந்தது. இப்படி ஒருவன் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டு, அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பாதையெல்லாம் சனம். ஒவ்வொருவரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

"சானுவோ, யாருப்பா போயிட்டது?"

"எனக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரியாதா? அப்ப வாசிச்சது யாரு?"

"அதுவும் தெரியலை."

என் சித்தப்பா மகன் பயோர் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தான். துக்கத்தில் நெருங்கிய சொந்தம் தன்னைத்தானே ஏதாவது செய்துகொண்டுவிடக் கூடாது என்று இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். எந்தச் சாவுக்கும் கயிறு பயோரின் பொறுப்பு.

"யாரைக் கட்டணும்னே தெரியலையே அண்ணே" என்றவன் சட்டென்று நின்றான். "இரு, இரு. நீ வாசிக்கலை. நீ வாசிக்கலைன்னா என்ன அர்த்தம்? சொந்த வீட்டுச் சாவுக்கு யாரும் வாசிக்கக் கூடாது. அதான் வேற ஊர் ஆளைக் கூட்டியாந்திருக்காங்க."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. என் வீட்டில் பெண்கள் இரண்டே பேர். ரெஜினா என் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மிச்சம் அம்மா.

அதற்குமேல் எனக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன், என் பின்னால் ஊரே என் அம்மா பெயரைச் சொல்லி அழுதுகொண்டு ஓடிவந்தது.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, யாரு செத்தது?" என்றாள்.

நான் அவள் காலடியில் விழுந்து சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. முற்றம் நிரம்பிவிட்டது. முன்னால் வந்த பெண்கள் அம்மாவைப் பார்த்து அழுகையை விழுங்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அவள் தெரியவில்லை, ஆகவே அவர்கள் தொடர்ந்து அழுதார்கள். பக்கத்து ஊர் ஜீல்காரன் ஒருவன் தன் ஜீலைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, எங்கே இறக்குவது என்று கேட்டான். குயிரே பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். அவரைக் கண்டதும் ரெஜினா வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலு தரம் எண்ணினேன்" என்றார் குயிரே. "என் காது இன்னும் சாகலை. எங்க பொணம்?"

"பொணம் இல்லை பெரியவரே. எங்கம்மா உயிரோட இருக்காங்க."

"அது தெரியுது. கடலை தின்கிறா. நான் கேட்கிறது பொணத்தை."

அம்மா மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "நான் இருக்கேன். உன் பொண்டாட்டி இருக்கா. இந்த வீட்டுல வேற யாரு பொம்பளை..." மூன்றாவது விரல் மடங்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்தாள்.

ஏழு வருடமாக எந்தப் பார்வைக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்தப் பார்வை அது.

நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன், கூட்டத்தைப் பிளந்துகொண்டு அகோல்கோ ஓடிவந்தான். வழுக்கையில் வியர்வை வழிந்தது. கையில் போன்.

"நாய் தின்னிப் பசங்களா, எவனும் சாகலைடா! பாட்டுடா அது! வெள்ளைக்காரி இன்னிக்குத்தான் பாட்டை அனுப்பினா. சந்தைக்கு வந்த சனம் கேட்கட்டும்னு பெரிய ஸ்பீக்கர்ல போட்டேன். முதல்ல ஜீல் வருது, அப்புறம் அவளோட டம் ஒண்ணு விழுது, விழுந்த உடனே என் கடை பியூஸ் போயிருது. மாத்திட்டு முதல்லேருந்து போட்டேன். மறுபடி போச்சு. நாலு தரம் போச்சு!"

கூட்டத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு யாரோ ஒருத்தி கெக்கலித்தாள். "அப்ப துப்பாக்கி?"

"அவளோட டம்மும் என் பியூசும்!"

சிரிப்பு பரவியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் குயிரே சிரிக்கவில்லை. கோலை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். "பெட்டியில வாசிச்ச கை யாரோடது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தயங்கித் தயங்கி இறங்கிய அந்த இடதுகை. "என்னோடதுதான்" என்றேன். "ஆனா நான் சாவு அழைப்பு வாசிக்கலை பெரியவரே. சத்தியமா இல்லை. அறுவடை ஆட்டம்தான் வாசிச்சேன். அவ மிஷின்ல போட்டு மெதுவாக்கியிருக்கா. அதனால அப்படிக் கேட்டிருக்கு."

"கேளு அவளை" என்றார்.

அகோல்கோ ஃபெம்கேக்குப் போன் போட்டான். சிக்னல் அரைகுறை. கூட்டச் சத்தத்தில் கேட்கவேண்டும் என்று அவன் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டோம்.

"சானுவோ! பாட்டு கேட்டியா? பிடிச்சுதா?"

"ஆரம்பத்துல வருதே ஜீலு, அதை நீ மெதுவாக்கினியா? மிஷின்ல எதாவது மாத்தினியா?"

"ஒண்ணுமே தொடலை. நீ வாசிச்சது அப்படியே இருக்கு. என் தாளத்தைத்தான் உன் கைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டேன். அந்தத் துண்டை நீ நாலு தடவை வாசிச்சே. சரியா நாலு. நான் ஒண்ணை மட்டும் எடுத்து முன்னாடி வச்சேன்." சிக்னல் ஒரு முறை விட்டு வந்தது. "உன் தங்கச்சி செத்துட்டான்னு சொன்னியே, அதுக்கு அப்புறம் வாசிச்சது. ஞாபகம் இல்லையா?"

லைன் அறுந்துவிட்டது.

என் கை எனக்குத் தெரியாமல் என்ன செய்தது, எப்படிச் செய்தது, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் காதை மூடிவிட்டு அது தனியாகப் போய்த் தன் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அகோல்கோ என்னைப் பார்த்தான். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் என்னைத் திட்டாமல் பார்த்தது அன்றுதான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தட்டினான்.

"மிஷின் கோளாறாம்! அவதான் மெதுவாக்கிட்டாளாம். மன்னிப்புக் கேட்கிறா. எல்லாம் வீட்டுக்குப் போங்க. அழுத கண்ணீரை அடுத்த சாவுல கழிச்சுக்கலாம், இந்தக் கிழவர் ரொம்ப நாள் தாங்கமாட்டார்!"

குயிரே கோலை ஓங்கினார், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்காக ஒரு நொடியில் பொய் சொல்லிவிட்டான். ஏழு வருடமாக நான் கட்டி வைத்த வீடு இடிந்து விழப்போகும் நேரத்தில் வந்து தூணாக நின்றான். நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

அம்மா சிரிக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியபோது என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப பெலாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. 'இல்லை' என்ற ஒரு சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் தோளுக்குப் பின்னால் பயோர் தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பயோர், சுருட்டாதே" என்றேன். "இங்க கொண்டா. எனக்குக் கட்டு."

அவன் சிரித்துக்கொண்டே வந்தான், கேலி என்று நினைத்து. நான் இரண்டு கையையும் தூக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் நின்றார்கள், பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். ரெஜினா உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும்" என்றாள்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப?"

"ஏழு வருஷம் ஆச்சும்மா. உனக்குக் கண்ணு கட்டியிருந்த வாரம்."

"அந்தப் பையன்?"

"பையன் இல்லம்மா. நான் சொன்னதுதான்."

"பையனும் இல்லையா?" என்றாள், எதுவும் விளங்காதவள் போல. அவளிடமிருந்து நான் ஒருத்தியை மட்டும் பறிக்கவில்லை, இரண்டு பேரைப் பறித்தேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? "வெண்ணெய்? நான் வருஷா வருஷம் கொடுத்த வெண்ணெய் யாருக்குப் போச்சு?" என்றாள் அம்மா.

"பஸ் ஸ்டாண்டுல, சுமை தூக்கக் குமாசிக்குப் போற பொண்ணுங்க நிப்பாங்கம்மா. அவங்களுக்குக் கொடுத்தேன்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, மூச்சே திரும்பி வராது போல ஒரு சத்தம் போட்டாள். பயோர் என்னை விட்டுவிட்டு அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். இப்போது யாரைக் கட்டுவது என்று அவனுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு முன்னால் மரக்கிளைகளை நட்டு மேடை கட்டினார்கள். பிணம் உட்காரவேண்டிய இடத்தில் பெலாவின் பழைய துணியையும் சீப்பையும் வைத்தோம். அகோல்கோ சொன்னது பொய், பெட்டியில் கேட்டது பெலாவுக்கு என் கை வாசித்த அழைப்புதான் என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். அதில் அடுத்த சிக்கல். பக்கத்து ஊர் ஜீல்காரன் குச்சியை எடுத்தான், கீழே வைத்தான். "அந்தப் பொண்ணுக்கு அழைப்பு ஏற்கெனவே வாசிச்சாச்சு, ஊர் பூரா கேட்டாச்சு. அதுக்கு மேல நான் என்னத்த வாசிக்கிறது?"

"அது அண்ணன்காரன் கை. செல்லாது" என்றார் ஒருவர்.

எல்லோரும் குயிரேயைப் பார்த்தார்கள். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அந்தப் பெட்டி என்ன உறவு? செத்தவளுக்குச் சொந்தமா?"

"என் பெட்டி பெரியவரே" என்றான் அகோல்கோ. "ஃப்ராஃப்ராப் பெட்டி. உங்க யாருக்கும் சொந்தமில்லை."

"அப்ப அது வாசிக்கலாம்" என்றார்.

மாவு மில்லின் ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஸ்பீக்கர் முற்றத்துக்கு வந்தது. அழைப்பு ஒலித்தது, இந்த முறை பியூஸ் போகவில்லை. டம் விழுந்தது. மறுபடி விழுந்தது. அந்த உலக்கைக் குத்து தரையில் ஏறி எங்கள் காலுக்குள் வந்தது, அதன்மேல் என் கை தயங்கித் தயங்கி நடந்தது. இதற்கு எப்படி ஆடுவது என்று சனத்துக்குத் தெரியவில்லை. முதலில் பெண்கள் குனிந்து தோளைக் குலுக்கினார்கள். பிறகு எல்லோரும். என் இடுப்பிலும் வேறொரு கயிறு கட்டியிருந்தார்கள்; நான் என் வாசிப்புக்கு நானே அழுதேன், அது அழவைத்தது.

அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஆடிக்கொண்டு வந்தாள். பெலாவின் துணியைக் கட்டி, தலையில் ஒரு பெரிய தகரத் தட்டைச் சுமந்து, இடுப்பை வெட்டி வெட்டி நடந்தாள். அகோல்கோதான். "வழி விடுங்க, வழி விடுங்க! குமாசிச் சந்தையில என்னை விட வேகமா எவளும் நடக்கமாட்டா!" என்று கீச்சுக் குரலில் கத்தினான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அது அவன் உரிமை.

அம்மா தலையை நிமிர்த்தினாள். கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள், பயோர் பின்னாலேயே ஓடினான். செலவுக்கு வைத்திருந்த வெண்ணெய்ப் பானையோடு வெளியே வந்து அகோல்கோவின் முன்னால் நின்றாள்.

"வருஷா வருஷம் அனுப்பினேனே, வந்துச்சா?"

அகோல்கோ ஒரு கணம் என்னைப் பார்த்தான். "வந்துச்சு அம்மா. ஏழு பானையும் வந்துச்சு. பாதியை உன் மவன் வழியிலேயே தின்னுட்டான்."

"தலைக்குத் தடவினியா?"

"தடவினேன்."

"பொய் சொல்லாதடி. தட்டை இறக்கு."

அவன் தட்டை இறக்கிவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டான். அம்மா பானைக்குள் கையை விட்டு அள்ளி, அந்த வழுக்கைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். நெற்றியில் வழிந்தது, காதில் வழிந்தது. டம் டம் என்று பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வாய் ஓயாத அகோல்கோ கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவள் தேய்த்து முடிக்கும்வரை தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.